ஐம்பது பைசா கார்டுக்கு ஆறு ரூபாய்

2023 ஜூலை முதல் வாரம், ஒரு கட்டைப்பை நிறைய போஸ்ட் கார்டைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். 500 கார்டு. எல்லாவற்றிலும் எங்கள் கடைப் பெயர், பக்கத்தில் ஒரு தையல் மெஷின் படம், கீழே "ஆடிச் சிறப்பு சர்வீஸ்" என்று நீல மையில் அச்சு. கவுன்ட்டரில் இருந்தவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது பிரின்டட் கார்டும்மா. ஒண்ணுக்கு ஆறு ரூபா."

"கார்டுலதான் ஐம்பது பைசா ஸ்டாம்பு இருக்கே சார்?"

"அது கையால எழுதுனாத்தான். அச்சடிச்சா மிச்சம் அஞ்சரை ரூபாய்க்கு ஸ்டாம்பு ஒட்டணும். ஒட்டாமப் போட்டீங்கன்னா, குறையிறதுக்கு ரெண்டு பங்கா வாங்குறவங்ககிட்ட வசூல் பண்ணுவோம்."

மனக்கணக்குப் போட்டேன். 500 கார்டுக்கு 2,750 ரூபாய். அதை விட்டால், "உங்க மெஷினை எங்ககிட்ட கொண்டாங்க" என்று நான் கூப்பிடப்போகிற வாடிக்கையாளரிடமே தபால்காரர் காசு கேட்பார். கட்டைப்பையோடு திரும்பி வந்தேன். கார்டுக்கு 250, அச்சுக்கு 600. மொத்தம் 850 ரூபாய் தண்டம்.

கவுன்ட்டர்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைப்பட்டியலில் போஸ்ட் கார்டு 50 பைசா, பிரின்டட் போஸ்ட் கார்டு 6 ரூபாய், போட்டிகளுக்கு விடை எழுதிப் போடுகிற கார்டு 10 ரூபாய் என்று தனித்தனியாகத்தான் போட்டிருந்தது. படிக்காதது நான். யோசித்தால் நியாயமும் புரிகிறது. ஒரு கார்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துறைக்கு ஆகிற செலவு பத்து ரூபாய்க்கு மேல் என்று அவர்களுடைய ஆண்டறிக்கையே சொல்கிறது. 1879-இல் காலணாவுக்கு ஆரம்பித்த கார்டு, ஏழை எளியவர்கள் நாலு வரி எழுதிப் போடுவதற்காக இன்னமும் ஐம்பது பைசாவில் நிற்கிறது. என் கடை விளம்பரத்துக்கும் அதே சலுகை வேண்டுமென்றால் எப்படி?

எங்களுக்கு மன்னார்குடியில் தையல் மெஷின் விற்பனை, சர்வீஸ். மாமா, அதாவது என் மாமனார், ஆரம்பித்த கடை. என் வீட்டுக்காரர் மெக்கானிக், நான் கணக்கும் கவுன்ட்டரும். ஆடி எங்களுக்கு முக்கியம். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் குறைவு. தையல்காரர்கள் மெஷினைக் கழற்றிக் கொடுக்கத் தோதான மாசம் அது ஒன்றுதான். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தம், அப்புறம் தீபாவளி. அந்த நேரத்தில் நூல் அறுந்தாலும் ஷட்டில் மாட்டிக்கொண்டாலும் திட்டிக்கொண்டே ஓட்டுவார்களே தவிர மெஷினை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

2022-இல் பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தோம். 3,000 நோட்டீஸ் அச்சுக்கு 2,100, பேப்பர் ஏஜென்ட்டுக்கு ஒன்றுக்கு 40 பைசா வீதம் 1,200. ஆக 3,300. நோட்டீஸைப் பார்த்து வந்தேன் என்று சொன்னவர்கள் 19 பேர். ஒரு ஆளை வரவழைக்க 174 ரூபாய். எங்கள் சர்வீஸ் கூலியே 250. எஸ்எம்எஸ் விசாரித்தேன், மொத்தமாக அனுப்ப டிஎல்டி பதிவு (விளம்பர எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் தொலைபேசி நிறுவனத்தில் செய்துகொள்ள வேண்டிய பதிவு) வேண்டும், அதற்கே ஜிஎஸ்டியோடு 5,900 என்றார்கள். வாட்ஸ்அப்பில் போட்டுப் பார்த்தேன். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே எங்கள் மெஷின் காணாமல் போனது.

கட்டைப்பையை இறக்கி வைத்ததும் மாமா சிரித்தார். "நான் பதினஞ்சு பைசா காலத்துலேர்ந்து போட்டுருக்கேன். கையாலதாம்மா எழுதணும். எழுதுனாத்தான் படிப்பாங்க."

அவருடைய பழைய நீளநோட்டை எடுத்தார். யார், எந்த ஊர், என்ன மெஷின், எப்போது சர்வீஸ், எல்லாம் அதில் இருக்கிறது. வடுவூர், உள்ளிக்கோட்டை, பரவாக்கோட்டை, கோட்டூர் என்று ஊர்வாரியாகப் பக்கம். அரசாங்கத்தின் இலவச தையல் இயந்திரத் திட்டத்தில் மெஷின் வாங்கியவர்கள் ரிப்பேருக்கு வந்தபோது எழுதிவைத்த முகவரிகளும் நிறைய. நான் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் சோம்பிக் கிடந்த நோட்டு அது. அதிலிருந்து 640 பேரைப் பிரித்தோம். கடைசி சர்வீஸ் முடிந்து ஒரு வருஷம் தாண்டியவர்கள் மட்டும்.

640 கார்டு ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. மூன்று தபால் நிலையம் ஏறி இறங்கினோம். எழுத, தெருக்கோடியில் காலேஜ் முடித்துவிட்டு வேலைக்குப் படிக்கிற பெண்ணைக் கூப்பிட்டேன். எழுத்து அச்சு மாதிரி இருக்கும் (அச்சு என்று எண்ணி அதற்கும் ஆறு ரூபாய் கேட்டுவிடப்போகிறார்கள் என்று வீட்டுக்காரர் கிண்டல்). கார்டுக்கு இரண்டு ரூபாய் பேசினோம். முகவரியும் சேர்த்து ஒரு கார்டுக்கு மூன்று நிமிஷம், மணிக்கு இருபது கார்டு, நாற்பது ரூபாய். குறைந்த கூலிதான், எனக்கே தெரியும். அவள் நிழலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே எழுதினாள் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வாசகத்தை மாமாதான் சொன்னார். "அன்புள்ள வளர்மதிக்கு, உங்கள் உஷா மெஷின் 2021 சித்திரையில் நம் கடையில் சர்வீஸ் ஆனது. ஆடிக்குள் கொண்டு வந்தால் மறுநாளே தருகிறோம். இந்தக் கார்டோடு வந்தால் 50 ரூபாய் குறைவு." அவ்வளவுதான். ஊரும் பெயரும் மெஷினும் மாசமும் ஆளுக்கு ஆள் மாறும். அச்சடித்த கார்டில் நான் போட்டிருந்த "அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே" இதற்குப் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது.

எழுதி முடித்த கார்டுகளில் மாமா நாலு மூலையிலும் மஞ்சள் தடவச் சொன்னார். விளம்பரத்துக்கு எதற்கு மஞ்சள் என்று கேட்டேன். "கிராமத்துல இப்ப கார்டு வந்தா அது கருமாதிக் கார்டாத்தான் இருக்கும். மூலையப் பாத்ததும் பயம் போவணும்." மஞ்சள் இல்லாமல் கிளம்பிவிட்ட முதல் நாள் கட்டிலிருந்து ஒரு கார்டு வடுவூரில் ஒரு பாட்டி கைக்குப் போய், பேத்தி வந்து படித்துக் காட்டும்வரை அவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லையாம். மெஷினைக் கொண்டுவந்த பேத்தியே சொன்னாள்.

640-ஐயும் ஒரே நாளில் போடவில்லை. நாளைக்கு 80 வீதம், ஊர் பிரித்து எட்டு நாள். மொத்தமாகப் போட்டால் மெஷின்களும் மொத்தமாக வந்து நிற்கும், மறுநாளே தருகிறோம் என்ற வாக்கு பொய்யாகும். நோட்டீஸ் வைத்த வருஷம் எனக்கு உறைக்காத விஷயம் இது.

கணக்கு இதோ. கார்டு 320. எழுத்துக்கூலி 1,280. பேனா, டீ, போண்டா 150. ஆக 1,750. என் முட்டாள்தனத்தின் 850-ஐயும் சேர்த்தால் 2,600. கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் 74 பேர். ஆளுக்கு 35 ரூபாய் செலவு, தள்ளுபடி 50. இரண்டும் சேர்த்து 85 ரூபாய். நோட்டீஸில் பாதிக்கும் குறைவு.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கார்டு போனது பழைய ஆட்களுக்கு. அதில் சிலர் கார்டே இல்லாமலும் வந்திருப்பார்கள், 50 ரூபாயைச் சும்மா கொடுத்த மாதிரி. நோட்டீஸ் போனது முன்பின் தெரியாத வீடுகளுக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. அதனால் மொத்த மெஷினையும் எண்ணினேன். 2022 ஆடியில் 52, 2023 ஆடியில் 118. மழை, குறுவை, கையில் காசு, இதெல்லாம் போக எவ்வளவு கார்டால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாதி என்று வைத்தாலும் எனக்குக் கட்டும்.

புது ஆட்களைப் பிடிக்கத் தபாலிலேயே வேறு வழி உண்டு. டைரக்ட் போஸ்ட் என்று பெயர். முகவரி எழுத வேண்டாம், ஒரு பகுதி முழுக்க வீட்டுக்கு வீடு போட்டுவிடுவார்கள். 2023-இல் உள்ளூருக்குள் 20 கிராம் வரை ஒரு நோட்டீஸுக்கு 1.50 ரூபாய், குறைந்தது 1,000 நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. புதிதாக ஹோட்டலோ டியூஷன் சென்டரோ ஆரம்பிக்கிறவர்களுக்கு இது சரி, எல்லா வீட்டிலும் வயிறு இருக்கிறது. எல்லா வீட்டிலும் தையல் மெஷின் இல்லையே. 25 பைசாவுக்கு மேகதூத் கார்டு என்றும் ஒன்று இருந்தது. முகவரிப் பக்கத்தில் இடது பாதியில் விளம்பரம் அச்சாகியிருக்கும். அது லட்சக்கணக்கில் அச்சடிக்கிற பெரிய கைகளுக்கான சமாச்சாரம், நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை.

31 கார்டு திரும்பி வந்தது. பெரும்பாலும் "வீடு மாறிவிட்டார்". திருப்பூருக்குப் போனவர்கள்தான் அதிகம். ஒன்றில் மட்டும் தபால்காரர் சிவப்பு மையில் "இறந்துவிட்டார்" என்று எழுதியிருந்தார். கோட்டூர்ப் பக்கத்து டெய்லர், எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரருக்குச் சட்டை தைத்தவர். எங்களுக்குத் தெரியவே தெரியாது. மாமா நோட்டில் அந்தப் பெயரை அடிக்காமல், பக்கத்தில் தேதி மட்டும் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறிப்போய் விசாரித்துவிட்டு வந்தார்கள். அங்கே மகள் அப்பாவின் மெஷினில்தான் தைக்கிறாளாம். பெல்ட் தேய்ந்திருந்தது என்று மாற்றிக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் வந்திருக்கிறார்கள். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நான் கேட்கவில்லை.

அச்சடித்த 500 கார்டும் வீணாகவில்லை. ஓட்டை போட்டு, கயிறு கோத்து, சர்வீஸுக்கு வருகிற மெஷின்களில் அடையாளச் சீட்டாகக் கட்டுகிறோம். ஆடியில் 118 போயிற்று, ஆடி முடிவில் 382 மிச்சம்.

வருகிற ஆடிக்கு இப்போதே கார்டு சேர்க்கிறேன். தபால் நிலையம் பக்கம் போகும்போதெல்லாம் ஐம்பது, நூறு. எழுதித் தந்த பெண்ணுக்கு மாசியில் கல்யாணம், பெங்களூருக்குப் போகிறாள். என் கையெழுத்தை மாமா பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "பேரனுக்கு லீவு எப்பம்மா?" என்றார்.