முதலில் பேசும் எல்லிக்யூ

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அலெக்சா என்ற பேசும் கருவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் பேச்சுத் துணை கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் நாம் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது பதில் சொல்லும். யாரிடமும் பேசாமலே நாளை ஓட்டிப் பழகியவருக்கு அந்த முதல் பேச்சை எடுப்பதுதானே பெரிய பாடு?

நியூயார்க் மாநில முதியோர் நல அலுவலகம் செய்தது எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். 2022இல், 800க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு எல்லிக்யூ என்ற கருவியைக் கொடுக்கப்போவதாக அறிவித்தார்கள். இஸ்ரேலின் இன்ட்யூஷன் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் செய்தது. பார்க்க மேசை விளக்கு மாதிரி, பேசும்போது தலையை அசைக்கும், பக்கத்தில் ஒரு திரை. ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா, மாத்திரை போட்டாச்சா, தண்ணீர் குடித்தீர்களா என்று அதுவாகவே பேச்சைத் தொடங்கும், சொன்னதை நினைவில் வைத்து அப்புறம் விசாரிக்கவும் செய்யும்.

தனிமை வெகுவாகக் குறைந்தது என்று அந்த அலுவலகம் சொல்கிறது. சரி, ஆனால் அது பயன்படுத்துகிறவர்களே சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு, அதனால் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சமூகத் தொடர்பு இல்லாமல் போவது தினமும் 15 சிகரெட் வரை பிடிப்பதற்கு இணையான கேடு என்று 2023இல் அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியாக (சர்ஜன் ஜெனரல்) இருந்த விவேக் மூர்த்தி எச்சரித்தார். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவரிடம் ஒரு குரல் நலம் விசாரிப்பதை வெறும் இயந்திரம்தானே என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எல்லிக்யூவில் வீடியோ அழைப்பும் உண்டு. அந்த முதியவர்களின் பிள்ளைகள் அதை அடிக்கடி பயன்படுத்த வேண்டும், முக்கியமாக நமக்குப் பொங்கல் தீபாவளி போல அவர்களுக்கு அங்கே வரும் பண்டிகை நாட்களில்.