திம்பம் மலை ரயில், டி கிளாஸ் என்ஜின்

மொதல்லயே சொல்லிடறேனுங்க, இப்படி ஒரு ரயில்வே கெடையவே கெடையாது. சத்தியமங்கலத்துல கெளம்பி பண்ணாரி வழியா திம்பம் ஏறற லைன், ஒம்பதாவது படிக்கறப்ப கணக்கு நோட்டு கடைசி பக்கத்துல நானே போட்டது. அந்த 27 கொண்டை ஊசி வளைவுலயும் பஸ்ல போயி வாந்தி எடுத்த கோவத்துல போட்டதுன்னு வெச்சுக்குங்களேன்.

மேட்டுப்பாளையத்துக்கு 1873லயே ரயில் வந்துருச்சு, அங்கிருந்து குன்னூருக்கு 1899ல தான் ஏறுச்சு, ஊட்டிக்கு 1908. நம்ம லைன் அதுக்கு முந்தி ஓடியாகோணும்னு ஒரு வெறி, அதனால 1894, விக்டோரியா ராணி காலம். மொத்தம் நாலு என்ஜின், பச்சை கலரு, அந்த வகைக்கு நான் வெச்ச பேரு டி கிளாஸ்.

என்ற அப்புச்சி, அம்மாவோட அப்பா, ஊட்டி மலை ரயில்ல ஃபயர்மேனா, அதாவது என்ஜின்ல நெருப்ப பாத்துக்கறவரா இருந்தவரு. நோட்ட வாங்கி கண்ணாடிய ஏத்தி விட்டு பாத்தாரு, "ஏங்கண்ணு, என்ஜின எதுக்கு முன்னாடி மாட்டியிருக்க?"ன்னாரு. இழுக்கறதுக்குன்னேன். சிரிச்சுட்டாரு. ஊட்டி ரயில்ல என்ஜின் பள்ளத்து பக்கம் நின்னு தள்ளிட்டு தான் போகுமுங்க, கப்ளிங் அறுந்தாலும் பொட்டிக உருண்டு கீழ வராது, என்ஜின் மேல தான் சாஞ்சு நிக்கும். அழிரப்பர்ல தேச்சு தேச்சு பேப்பரே கிழிஞ்சு போச்சு.

அடுத்த அடி சிலிண்டர்ல. ஊட்டி ரயிலோட எக்ஸ் கிளாஸ் என்ஜின்ல இருக்கற மாதிரியே நாலு சிலிண்டர் போட்டிருந்தேன், அதுல கீழ் ஜோடி சாதா சக்கரத்தை ஓட்டும், கல்லாறு ஸ்டேஷன் தாண்டி நடுவுல பல் தண்டவாளம் வந்ததும் அதே ஸ்டீம் வீணா போகாம மேல் ஜோடிக்கு போயி பல் சக்கரத்தை சுத்தும், பன்னெண்டு அடிக்கு ஒரு அடி ஏத்தத்தை அப்படித்தான் ஏறுது. "அந்த என்ஜின் சுவிட்சர்லாந்துல இருந்து 1914ல தான் வந்துச்சு, உனக்கு 1894ல யாரு குடுத்தா?"ன்னு கேட்டாரு பாருங்க, பதினாலு வயசுல எனக்கு அழுகையே வந்துருச்சு. மேல் ஜோடிக்கு பாய்லர்ல இருந்து தனி பைப் போட்டு சமாளிச்சேன். ஸ்டீம் கண்டபடி தீரும், தீரட்டும், பழைய என்ஜின்னா அப்படித்தான்.

அப்ப தண்ணி? அவரு ஓடுன லைன்ல ஹில்குரோவ் ஸ்டேஷன்ல நின்னு தண்ணி புடிப்பாங்க, என்ற மேப்புல பண்ணாரி விட்டா திம்பம் தான். சரின்னு ஒம்பதாவது வளைவுல ஒரு கல்லு தொட்டி வரைஞ்சேன். அப்புச்சி அதையும் உத்து பாத்துட்டு, "யானை வந்து குடிச்சுட்டு போயிருச்சுன்னா?"ன்னாரு.

தொட்டிக்கு பக்கத்துல யானை ஒண்ணும் வரைஞ்சிருக்கேன். அதுக்கும் தும்பிக்கை கொஞ்சம் கோணல்.