பள்ளிக்குப் போனால் கிடைக்கும் ஊசி
அண்ணன் மகள் இந்த வருடம் படிவம் 1 (இடைநிலைப் பள்ளியின் முதல் வருடம்), கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் படிக்கிறாள். பள்ளியிலேயே எச்.பி.வி. தடுப்பூசி, இலவசம். மலேசியாவில் 2010-இல் தொடங்கிய திட்டம் இது. எச்.பி.வி. என்பது ஒரு வைரஸ்; அதனால் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் காக்கும் ஊசி.

அந்த நோயால் உலகில் இறக்கும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். மனசு ஆறவில்லை. தடுக்கக்கூடிய நோய் அல்லவா!

ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா வசதியான நாடில்லை. ஆனாலும் 2011-இலேயே பள்ளிகள் வழியாக நாடு முழுக்க இந்த ஊசியைப் போட்டார்கள். பள்ளிக்கு வராத பெண் பிள்ளைகளை, ஊர் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அழைத்து வந்தார்கள். எவ்வளவு பெரிய வேலை!

படிப்பை நிறுத்தினால் பாடத்தோடு பள்ளியில் போடும் ஊசியும் கைவிட்டுப் போகலாம். அதனால் கல்விக்கு நிதி திரட்டும் நம் சங்கங்கள் ஆரோக்கியத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்புறம், பெற்றோர்களே, பள்ளியிலிருந்து சம்மதக் கடிதம் வந்தால் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.