அக்கரைக்காரர் என்ன சொல்வார்? வெளியுறவுத் துறைக்குப் படிக்கும் பெண்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரி இல்லை. சிவில் சர்வீஸ் தேர்வை நான்கு முறை எழுதினேன். இரண்டு முறை முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸிலேயே போயிற்று. மூன்றாவது முறை முதன்மைத் தேர்வான மெயின்ஸோடு நின்றது. நான்காவது முறை டெல்லியில் தேர்வாணையம் இருக்கும் தோல்பூர் ஹவுஸ் வரை போய் நேர்முகத் தேர்வு முடித்துவிட்டு வந்தேன், பட்டியலில் பெயர் இல்லை. இப்போது அதே டெல்லியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இலங்கையைப் பற்றியும் இந்தியப் பெருங்கடலைப் பற்றியும் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். டாப்பர்களின் பேட்டி எங்கும் கிடைக்கும். வாசல்படி வரை போய்த் திரும்பியவளின் கணக்கு அவ்வளவாகக் கிடைக்காது. அதனால்தான் இது.

சொந்த ஊர் மண்டபம். அப்பா ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவர், மாமா விசைப்படகு வைத்திருப்பவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன படகு மறுநாள் காலை திரும்பவில்லை என்றால் தெருவில் எழும் பேச்சுதான் எனக்குத் தெரிந்த முதல் வெளியுறவுக் கொள்கை.

சென்னை அண்ணாநகரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்த மூன்றாம் வாரம், இந்திய - இலங்கை மீனவர் பிரச்சினை பற்றி 250 சொற்களில் எழுதச் சொன்னார்கள். 15 மதிப்பெண். இது நம்ம ஏரியா என்று நினைத்துக்கொண்டேன். கச்சத்தீவு, கைது, படகு பறிமுதல், கடற்படை என்று இரண்டு பக்கம் நிரம்பி வழிந்தது. 3 மதிப்பெண் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார் சார்: “அக்கரைக்காரர் என்ன சொல்வார்?”

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு நூலகத்தில் உட்கார்ந்து இரு நாடுகளின் 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களின் மூலப் பிரதியைப் படித்தேன். இவ்வளவு பேசும் நான் அதுவரை அவற்றைப் படித்ததே இல்லை. இந்திய மீனவரும் யாத்ரிகரும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது 1974 ஒப்பந்தம். இரு நாட்டுப் படகுகளின் மரபு உரிமை பற்றி அதில் வரும் வரியை இங்கே ஒரு மாதிரி வாசிக்கிறார்கள், கொழும்பில் வேறு மாதிரி வாசிக்கிறார்கள். 1976இல் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டன. 2009இல் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களுக்கு கடலடியை வாரிக்கொண்டு போகும் நம் இழுவைமடி வலைதான் பெரிய தலைவலி. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. எதிரே இருப்பது கடற்படை மட்டும் என்றே எனக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். சின்னப் படகும் வலையுமாக நம்மைப் போலவே தமிழ் பேசுகிற ஆட்களும் அங்கே இருக்கிறார்கள் என்பது தேர்வுக்குப் படித்தபோதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும், விடை எழுதும் முன் பென்சிலால் ஓரத்தில் மூன்று வரி எழுதிக்கொள்வேன்: டெல்லி என்ன சொல்லும், எதிர் நாடு என்ன சொல்லும், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் என்ன சொல்வார். நான் உருப்படியாகக் கற்ற உத்தி இது ஒன்றுதான். பிரம்மபுத்திரா, வங்கதேசம், மாலத்தீவு, எதற்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஒரே விஷயத்தில் இந்தியா வருடாவருடம் எப்படி வாக்களித்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் இலங்கை விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். 2009 சிறப்புக் கூட்டத்தில் கொழும்பின் பக்கம் நின்றோம். 2012இலும் 2013இலும் இலங்கை மீதான தீர்மானத்தை ஆதரித்தோம். சர்வதேச விசாரணை என்ற சொல் உள்ளே வந்ததும், 2014இல், யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கினோம். 2021, 2022இலும் அப்படியே. ஐந்தாறு வரிதான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்’ என்று கேட்டு, அந்தந்த நாளில் நம் தூதர் அங்கே வாசித்த விளக்க உரையைத் தேடிப் படித்தால், ஒரு கையேடு முழுவதும் சொல்லித் தராதது கிடைக்கும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒதுங்கி நின்றதை நம் நாளிதழ்கள் பல சமயம் ‘வாக்கெடுப்பைப் புறக்கணித்தது’ என்று போட்டுவிடும். புறக்கணிப்பு என்றால் அறைக்கே வராமல் இருப்பது. இது அறையில் உட்கார்ந்து, ஆம், இல்லை இரண்டுக்கும் கை தூக்காமல் இருப்பது. வெளியுறவில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது. மெயின்ஸைத் தமிழிலேயே எழுதலாம், நேர்முகத்தையும் தமிழிலேயே சந்திக்கலாம். எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட சொற்களுக்குச் சொந்தமாக ஓர் அகராதி நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். நான் ஆங்கிலத்தில் எழுதினேன், ஆனால் அந்த நோட்டு இன்னும் மேசையில் இருக்கிறது.

தேர்வின் அமைப்பை எல்லாரும் சொல்லியிருப்பார்கள், வேகமாகக் கடந்துவிடுகிறேன். மெயின்ஸில் தகுதிக்கான இரண்டு மொழித்தாள்களை விட்டுவிட்டால் 1750 மதிப்பெண், நேர்முகம் 275, ஆக 2025. பொது அறிவு இரண்டாம் தாளில்தான் பன்னாட்டு உறவு வருகிறது, அதுவும் தாளின் ஒரு பகுதிதான். அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தால் அதன் இரண்டாம் தாளில் பெரும்பகுதி இதுவே. வெளியுறவில் ஆசை இருக்கிறது என்பதற்காகவே அதை எடுக்காதீர்கள். கோட்பாடுகளைப் படித்து உங்களுக்குத் தூக்கம் வராமல் இருந்தால் எடுங்கள்.

பெண்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

மாதிரி நேர்முகம் ஒன்றில் (இடம் வேண்டாம்) நடுவில் இருந்தவர் கேட்டார்: “முதல் விருப்பம் ஐ.எஃப்.எஸ். என்று போட்டிருக்கிறாய். மூன்று வருடத்துக்கு ஒரு நாடு. கல்யாணம் ஆனால் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு உன் பின்னால் வருவாரா?” எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “வருகிற மாதிரி ஒருவரைப் பார்த்து...” என்று இழுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த பையனிடம் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

அன்று இரவு கோபத்தில்தான் சி.பி. முத்தம்மாவைப் பற்றி முழுதாகப் படித்தேன். குடகில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தார். 1970இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். பதவி உயர்வில் தன்னைத் தள்ளியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடைஞ்சல் என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று அப்போது விதி இருந்தது. 1979இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கிழி கிழியென்று கிழித்தார். தீர்ப்பு வருவதற்குள் அரசே பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆனால் இப்படிப்பட்ட விதிகளையெல்லாம் திருத்து என்ற வார்த்தை நின்றது. பெண் ஒருவர் வெளியுறவுச் செயலர் நாற்காலியில் உட்கார 2001 வரை ஆயிற்று, சொக்கிலா ஐயர். அப்புறம் நிருபமா ராவ், சுஜாதா சிங். 2015இல் சென்னைப் பெண் பெனோ செபின், பார்வை முற்றிலும் இல்லாத முதல் ஐ.எஃப்.எஸ். அதிகாரியானார்.

அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். போர்டில் வராவிட்டால் அத்தை வீட்டில் வரும். நான் பிறகு தயாரித்து வைத்துக்கொண்ட பதில் இவ்வளவுதான்: “இரண்டு பேரும் பேசி முடிவெடுப்போம் சார். பணியில் இருக்கும் பெண்கள் அப்படித்தான் நடத்திவருகிறார்கள்.” முத்தம்மா வழக்கை அங்கே இழுக்க வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பொங்கிப் பேசினால் நேரம் போகும், மதிப்பெண் வராது.

நிஜ நேர்முகத்தில் இதைக் கேட்கவே இல்லை. என்னை வீழ்த்தியது என் ஊர்தான். “மண்டபம் என்றால் அகதிகள் முகாம் இருக்கிறதே. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் ஏன் கையெழுத்துப் போடவில்லை?” பள்ளியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் முகாம் பெண். அவளை நினைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டும் என்று நான்கு நிமிடம் உருக்கமாகப் பேசினேன். அரசு ஏன் போடவில்லை என்பதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. எல்லைகள் எளிதில் கடக்கக்கூடியவை, ஒவ்வொரு வருகையையும் தனித்தனியாக முடிவுசெய்யும் சுதந்திரத்தை டெல்லி விட விரும்பவில்லை என்று சொல்லிவிட்டு என் கருத்துக்கு வந்திருக்கலாம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. சிவப்பு மை வரியை மறுபடி மறந்திருந்தேன், இந்த முறை அக்கரை என்பது டெல்லி. உங்கள் மாவட்டம், கல்லூரி, பொழுதுபோக்கு, விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் வெளிநாட்டுத் தொடர்பு என்ன என்று தோண்டிவைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் என்றால் பின்னலாடை ஏற்றுமதி, நாகப்பட்டினம் என்றால் சுனாமி, தூத்துக்குடி என்றால் துறைமுகம்.

தேர்வுதான் ஒரே கதவு என்று நினைக்காதீர்கள். வெளியுறவு அமைச்சகமே மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் தருகிறது, சிறு உதவித்தொகையும் உண்டு. டெல்லி ஜே.என்.யு.வில் பன்னாட்டு ஆய்வுக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத் தேர்வில் தேறினால் பிரிலிம்ஸ் படிக்க மாதம் 7,500 ரூபாய் கிடைக்கும். பெண்ணைச் சென்னையில் ஹாஸ்டலில் வைக்க யோசிக்கும் அப்பாக்களிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள், என் சித்தி மகள் விஷயத்தில் பலித்தது.

மொழி ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். எல்லாரும் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார்கள், போகட்டும். நான் முடிவு வந்த கவலையில், ஹாஸ்டலில் தங்கியிருந்த கொழும்பு நர்ஸ் ஒருவரிடம் சிங்களம் கற்றேன். அவர் முதலில் சொல்லித்தந்த சொல் ‘மாளு’, மீன். வேலைக்கு என்னை எடுத்தவர்கள் என் மெயின்ஸ் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. சிங்களப் பத்திரிகைத் துணுக்கு ஒன்றை நீட்டி, வாசி என்றார்கள். தட்டுத்தடுமாறி வாசித்தேன்.

போன வருடம் களப்பணிக்காக மன்னாரில் பேசாலைக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டு முற்றத்தில் அக்கா ஒருவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். “எந்த ஊர் பிள்ளை?” என்றார். மண்டபம் என்றேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தார். பிறகு மூலையில் கிடந்த இன்னொரு வலையை இழுத்து என் மடியில் போட்டு, “உங்கட ஆக்களின்ர மடி கிழிச்சது. எத்தனை இடம் எண்டு எண்ணிப் பாரும்” என்றார். தேநீரைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன்.