பெடல் இல்லாத சைக்கிளில் தொடங்கினோம்

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோரிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பேசுறானா?" என்பதுதான். டாக்டரும் அதைத்தான் கேட்பார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதைத்தான் கேட்பார். "மாடிப்படி ஏறுறானா? பந்து பிடிக்கிறானா? ஒற்றைக் காலில் நிற்கிறானா?" என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. மகனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று தெரிந்ததிலிருந்து பாளையங்கோட்டையில் ஸ்பீச் தெரபிக்கே ஓடிக்கொண்டிருந்தோம். அவன் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடப்பான். தெருமுனை போவதற்குள் "தூக்கு" என்று கையை நீட்டுவான். சொந்தக்காரர்கள் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தார்கள்.

அவனுக்கு ஐந்து வயதானபோது புதிதாக வந்த ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) மேடம்தான் முதன்முதலில் அவன் உடம்பை முழுசாகப் பார்த்தார். தரையில் டேப் ஒட்டி அதன்மேல் நடக்கச் சொன்னார். இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கச் சொன்னார். பந்தை மெதுவாகப் போட்டார். மகன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான், பந்து அவன் மேல் பட்டு உருண்டு போனது. படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறினான். தோளையும் முழங்கையையும் அசைத்துப் பார்த்துவிட்டு, தசை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது என்றார்.

அப்புறம் அவர் சொன்னது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. "பலம் குறைவுங்கிறது பாதி விஷயம்தாம்மா. எந்தத் தசையை, எந்த வரிசையில, எவ்வளவு வேகத்துல அசைக்கணும்னு மூளை முதல்ல ஒரு திட்டம் போடணும். அதுதான் இவனுக்குச் சிரமம். செஞ்சு காட்டி, 'இது மாதிரி செய்'னா இவனுக்கு வராது. பார்த்ததை உடம்புக்கு மாத்துற இடத்துலதான் சிக்கலே."

மோட்டார் பிளானிங் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். பிடிவாதம் என்று நாங்கள் எண்ணிய பாதி விஷயம் பிடிவாதமே இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். 1943-இல் ஆட்டிசத்தைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய லியோ கேனரே, தான் பார்த்த சில குழந்தைகளின் நடை தடுமாற்றமாக இருப்பதைக் குறித்திருக்கிறார். 2020-இல் அஞ்ஜனா பட் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் 5 முதல் 15 வயது வரையுள்ள 11,814 ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் நிரப்பித் தந்த கேள்வித்தாள்களை ஆராய்ந்து வெளியிட்டார். சுமார் 87 சதவீதம் பேருக்கு உடலியக்க ஒருங்கிணைப்பில் சிக்கல் இருக்க வாய்ப்பு உண்டு என்று தெரிந்தது. அவர்களில் பிசியோதெரபி கிடைத்தது மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவு. அமெரிக்காவிலேயே இப்படி என்றால் இங்கே நம் பிள்ளைகளுக்கு யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசு கனத்துப் போனது.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன். முதலில் கால். எலும்பு டாக்டர் பாதத்தை மேலே மடக்கிப் பார்த்து, குதிகால் தசைநாண் இன்னும் இறுகவில்லை, இப்படியே விட்டால் இறுகிவிடும் என்றார். தினமும் பாதத்தை மடக்கி நீட்டிவிட்டோம், குத்துக்கால் போட்டு உட்கார்ந்து விளையாட வைத்தோம். திருச்செந்தூர் போகும்போதெல்லாம் கடற்கரை மணலில் நடக்க வைத்தோம். வீட்டில் ஆச்சி அவனுக்குச் சப்பாத்தி மாவு பிசையக் கொடுத்தார்கள். அரைக்குடம் தண்ணீரை அடுக்களையிலிருந்து முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது அவன் வேலையானது. கனமானதைத் தூக்குவதும் தள்ளுவதும் உடம்பு எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லுமாம். தண்ணீர் தூக்கிய பிறகு அவன் உட்கார்ந்து எழுதுகிற நேரம் கூடியதை நாங்களே பார்த்தோம். பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அவன் பாதத்தையே வைத்துச் சுண்ணாம்பால் அச்சு வரைந்தோம். "குதி" என்று சொன்னால் நின்றுகொண்டே இருப்பவன், அச்சைப் பார்த்ததும் காலை வைத்தான்.

சைக்கிளுக்கு மேடம் சொன்ன வழி: பெடலைக் கழற்றிவிடுங்கள், பக்கச் சக்கரம் வேண்டவே வேண்டாம். பக்கச் சக்கரம் இருந்தால் பிள்ளை சாய்ந்தே ஓட்டும், சமநிலை வராது. சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் சொன்னபோது, "பெடல் இல்லாம எதுக்கும்மா வண்டி?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் ஸ்பேனரை எடுத்தார். வலதுபக்கப் பெடலை வழக்கம்போல் திருகினார், இடதுபக்கத்தை எதிர்த்திசையில் திருகினார். அதன் திருகு மரை தலைகீழாக இருக்குமாம். சீட்டையும் மகனை உட்கார வைத்து, இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிகிற உயரத்துக்கு இறக்கிவிட்டார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

எங்கள் காலனிக் கடைசியில் லேசான சரிவோடு ஒரு சிமெண்ட் ரோடு உண்டு. முதலில் உட்கார்ந்தபடி நடந்தான். அப்புறம் காலால் உந்தினான். சில வாரங்களில் சரிவில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உருளத் தொடங்கினான். சமநிலை வந்த பிறகுதான் பெடலை மாட்டினோம். மிதிப்பது தனிப் பாடம். அவங்க அப்பா பாதத்தைப் பிடித்து, "தள்ளு... தள்ளு" என்ற ஒரே சொல்லை மட்டும் சொல்லிச் சுற்றவைத்தார். நாலு பேர் நாலு விதமாகக் கத்தினால் அவனுக்கு ஒன்றுமே ஏறாது, அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் "தள்ளு" மட்டும் சொல்லச் சொன்னோம். அவன் முதல்முறை தானாக மிதித்துப் போன அன்று அவர்களும் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் அழுதேன், இப்போதும் எழுதும்போது அழுகை வருகிறது.

நீச்சல் வேறு காரணத்துக்காக. ஆட்டிசக் குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம், ஆபத்து தெரியாது. நீரில் மூழ்கும் அபாயம் அவர்களுக்கு மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதல். தாமிரபரணிக்கரை ஊர்க்காரர்களுக்கு இந்தப் பயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் மல்லாந்து மிதப்பதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கச் சொன்னோம். கூட்டம் இல்லாத அதிகாலை நேரம் கேட்டு வாங்கினோம். தொப்பி போட மாட்டான், விட்டுவிட்டோம். முதல் மாஸ்டர் கரையில் நின்று கையை வீசிக் காட்டினார், மகன் மாஸ்டருடைய விசிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து வந்த மாஸ்டர் தண்ணீருக்குள் இறங்கிக் காலைப் பிடித்து அசைத்துக் கொடுத்தார், வந்துவிட்டது. மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்ற ஆட்டிசம் உள்ள பெண் 13 வயதில், 2022 மார்ச் மாதம், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அந்தச் செய்தித்தாள் பக்கத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். என் மகன் கடல் தாண்ட வேண்டாம், குளத்தில் விழுந்தால் மிதந்தால் போதும்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் அவனை மர நிழலில் உட்கார வைத்துவிடுவார்கள். பாதுகாப்புக்காம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 16-வது பிரிவு, விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு ஹெச்.எம்.மைப் பார்த்தேன், சண்டை போடவில்லை. கூடவே ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தேன்: வரிசையில் கடைசியில் நிறுத்துங்கள், ஒரு சொல்லில் சொல்லுங்கள், விசிலை அவன் காதுகிட்டே ஊதாதீர்கள். இப்போது ஓடுகிறான்.

எடை விஷயமும் உண்டு. கோபத்துக்காக டாக்டர் எழுதித் தந்த ரிஸ்பெரிடோன் பசியைக் கூட்டும், எடையும் ஏறும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் எடைக் கணக்கைக் காட்டிப் பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கும் அதேதான். நாங்கள் அதைக் காலை, மாலை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று பிரித்துக்கொண்டோம். ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் அவனால் முடியாது.

செலவுக்குப் பயப்படுகிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.ஈ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம்) எங்கே என்று கேளுங்கள், தெரபி இலவசம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்திலும் பிசியோதெரபி உண்டு. ஆட்டிசம் என்று சொன்ன அன்றைக்கே, ஸ்பீச்சோடு சேர்த்து உடலியக்கத்தையும் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். கேட்காமல் பெரும்பாலும் யாரும் எழுதித் தருவதில்லை.

மகனுக்கு இப்போது ஒன்பது வயது. பந்து இன்னும் சரியாகப் பிடிக்க வரவில்லை, பலூனிலிருந்து பெரிய பந்துக்கு வந்திருக்கிறோம். சைக்கிளைக் காலை ஊன்றித்தான் நிறுத்துகிறான், பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அது வந்த பிறகுதான் காலனி கேட்டைத் தாண்ட விடுவதாக இருக்கிறோம்.