டிராகனைட்டை மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தேன்

மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் வீடியோ கேம் தலைமுறையின் ஓ.யூ. சிங்கிள்ஸில், அதாவது அதிகம் பயன்படும் போக்கிமான்கள் ஒன்றுக்கு ஒன்றாக மோதும் பிரிவில், எந்த டீம் கட்டினாலும் அதில் டிராகனைட் என்ற டிராகன், ஃப்ளையிங் டைப் போக்கிமான் இருக்க வேண்டும். மற்ற ஐந்தும் மாறலாம், அது மட்டும் மாறக் கூடாது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. என் சித்தி மகன் ஒரு நாள், "அண்ணா, தோத்தா உடனே டீமை மாத்துறீங்க, விளையாடுற விதத்தை மாத்தவே மாட்டேங்குறீங்க" என்று சொல்லிவிட்டான். பதினாறு வயதுப் பையன். சொன்னது உண்மை என்பதால் உறைத்தது.

டிராகனைட்டை எடுத்ததற்கு ஒரே காரணம், அது எதையும் செய்யும். அடிப்படை எண்களில் அட்டாக் 134, எச்.பி. (உயிர்) 91, டிஃபென்ஸ் 95, இரண்டு ஸ்பெஷல் பக்கமும் தலா 100. ஸ்பீடு மட்டும் 80, அதுதான் கொஞ்சம் சோம்பல். அடிக்கலாம், தாங்கலாம், எதிராளியை முடக்கலாம், மழையில் ஹரிக்கேன் வீசலாம். இவ்வளவும் வரும் என்பதாலேயே என் முதல் வாரம் நாசமானது.

அந்த வாரத்து செட்டுக்கு (ஒரு போக்கிமானுக்குக் கொடுக்கும் நான்கு மூவ், ஒரு பொருள் எல்லாம் சேர்ந்த அமைப்பு) நான் வைத்த பெயர் அவியல் செட். டிராகன் டான்ஸ், எதிராளியை முடக்கும் தண்டர் வேவ், ஹரிக்கேன், வேகம் குறைவானாலும் முந்தி விழும் நார்மல் அடியான எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு. எல்லாச் சூழ்நிலைக்கும் ஒரு மூவ் இருக்கிறதே என்று பெருமை வேறு. டிராகன் டான்ஸ் ஏற்றுவது அட்டாக்கையும் ஸ்பீடையும், ஹரிக்கேன் ஓடுவது ஸ்பெஷல் அட்டாக்கில். டான்ஸ் ஆடிவிட்டு ஹரிக்கேன் அடித்தால், ஆடிய ஆட்டத்தில் பாதி வீண். தண்டர் வேவ் போட ஒரு டர்ன், டான்ஸுக்கு ஒரு டர்ன், அதற்குள் எதிராளி தனக்கு வேண்டியதை முடித்திருப்பான். நான் ஆடும் இணைய சிமுலேட்டரில் எல்லோரும் 1000 எலோவில் (தரப் புள்ளி) தொடங்குவோம், அதற்குக் கீழே இறங்காது. அந்த விதிக்கு நன்றி சொன்ன வாரம் அது.

சரி என்று எல்லோரும் போடும் செட்டுக்கே வந்தேன். டிராகன் டான்ஸ், எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு, எர்த்குவேக், பாதி எச்.பி.யை மீட்கும் ரூஸ்ட். கையில், தரையில் விரித்த பொறிகளிலிருந்து காக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸ். டெரா டைப் (ஆட்டத்தில் ஒரு முறை மாறிக்கொள்ளக்கூடிய டைப்) நார்மல். எபிலிட்டி, அதாவது பிறவித் திறன், மல்டிஸ்கேல்.

இதில் உயிர்நாடி மல்டிஸ்கேல்தான். எச்.பி. முழுதாக இருக்கும்போது விழும் அடி பாதியாகிவிடும். ஐஸ் அடி டிராகனைட்டுக்கு நான்கு மடங்கு, மல்டிஸ்கேல் இருந்தால் அது இரண்டு மடங்காகக் குறையும், பெரும்பாலும் பிழைத்துவிடும். அந்தப் 'முழுதாக' என்பதில்தான் சிக்கல். ஸ்டெல்த் ராக் (இறங்கும் போக்கிமானைக் குத்தும் கற்கள்) இருக்கும் பக்கம் பூட்ஸ் இல்லாமல் இறங்கினால் கால் பங்கு எச்.பி. வாசலிலேயே போய்விடும், அப்புறம் மல்டிஸ்கேல் இருந்தும் இல்லாததுதான். ஆகவே பூட்ஸ் கழன்றால் பாதி டிராகனைட் செத்ததாகவே கணக்கு. பொருளைத் தட்டிவிடும் நாக் ஆஃப் வைத்திருக்கும் எதன் முன்னாலும் சும்மா இறக்கக் கூடாது என்று புரிய எனக்குப் பத்துப் பதினைந்து ஆட்டம் ஆனது. டைரனிட்டார் எழுப்பும் மணல் புயலும் அப்படித்தான், ஒவ்வொரு டர்ன் முடிவிலும் பதினாறில் ஒரு பங்கைச் சுரண்டும். வீவைல் அடிக்கும் டிரிப்பிள் ஆக்ஸல் இன்னும் மோசம். மூன்று அடி, பவர் 20, 40, 60 என்று ஏறும். மல்டிஸ்கேல் பாதியாக்குவது முதல் 20ஐ மட்டுமே. பெரிய அடி இரண்டும் முழுசாக விழும். இதை ஒரு முறை வாங்கிப் பார்த்தால்தான் மனதில் நிற்கிறது.

ரூஸ்ட்டில் ஒரு நுணுக்கம் தெரிய வந்தது. டிராகனைட் எதிராளியைவிட மெதுவாக இருந்தால் முதலில் அடி விழும், அப்புறம் ரூஸ்ட் ஏறும். டர்ன் முடியும்போது எச்.பி. முழுசு, அடுத்த டர்னில் நிம்மதியாக டான்ஸ் ஆடலாம். வேகமாக இருந்தால் முதலில் ரூஸ்ட், பிறகு அடி. அடுத்த டர்னைக் குறை எச்.பி.யோடு தொடங்க வேண்டும். டான்ஸ் ஆடி வேகம் ஏற்றிய பிறகு ரூஸ்ட் போடுவதைவிட, மெதுவாக இருக்கும்போதே ரூஸ்ட் போட்டுவிட்டு டான்ஸுக்குப் போவது நல்லது. இந்தத் தலைமுறையில் ரூஸ்ட்டின் பி.பி.யை (எத்தனை முறை போடலாம் என்ற எண்) பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள், ஏற்றினாலும் எட்டுதான். எண்ணிக்கொண்டே போட வேண்டியிருக்கிறது.

அடுத்து நேச்சர் பிரச்சினை, அதாவது ஒரு எண்ணைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் குணம். அட்டாக்கைக் கூட்டும் அடமண்டில் ஸ்பீடு முழுக்க ஏற்றினால் ஆட்டத்தில் 259, ஒரு டான்ஸுக்குப் பிறகு 388. வேகம் ஏற்றும் பூஸ்டர் பொருள் இல்லாத அயர்ன் வேலியன்டின் உச்சம் 364, ரோரிங் மூனுக்கு 370. இரண்டையும் தாண்டிவிடும். ஆனால் டிராகபல்ட் 421இல் நிற்கிறது. கோஸ்ட் டைப் என்பதால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடும் அதன் மேல் படாது. இரண்டு ஆட்டம் அதனிடமே தோற்ற எரிச்சலில் வேகத்தைக் கூட்டும் ஜாலிக்கு மாறினேன். ஜாலியில் டான்ஸுக்குப் பிறகு 426, டிராகபல்ட்டை ஐந்து புள்ளியில் தாண்டலாம். அந்த ஐந்து புள்ளிக்காக அட்டாக் 403இலிருந்து 367க்கு இறங்கியது. டிராகபல்ட்டை அடித்தேன், வாஸ்தவம். மற்ற எல்லாமே இரண்டு மூன்று சதவீத உயிரோடு தப்பித்து என்னைப் பார்த்துச் சிரித்தன. ஒரே வாரத்தில் அடமண்டுக்குத் திரும்பிவிட்டேன். டிராகபல்ட்டை என் டீமில் இருக்கும் கிங்காம்பிட் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு எதிரிக்காக மொத்த செட்டையும் வளைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் பரிசோதனையில் ரொம்ப வலித்த ஆட்டம் ஒன்று உண்டு. டான்ஸ் ஆடியாயிற்று, டெரா நார்மலும் ஆகிவிட்டது. எதிரே கோல்டெங்கோ வந்தது. ஸ்டீல், கோஸ்ட். எர்த்குவேக் இரண்டு மடங்கு விழும் என்று நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அதன் கையில் ஏர் பலூன். கோஸ்ட் என்பதால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு படாது, பலூன் இருப்பதால் எர்த்குவேக் படாது. ஒரு அடி பட்டால் பலூன் உடையும், ஆனால் என்னிடம் இருந்த இரண்டு அடிகளும் படாதவை! ஊசி இல்லாமல் பலூன் முன்னால் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது என் நிலை. டெராவும் போச்சு, டான்ஸும் போச்சு.

அன்று ராத்திரியே எர்த்குவேக்கை எடுத்துவிட்டு ஃபயர் பஞ்ச் போட்டேன். பவர் 75தான், பார்த்தால் தாழ்வு. ஆனால் நார்மல் அடியைத் தாங்க வரும் ஸ்டீல்களைப் பார்த்தால் கோல்டெங்கோ, கிங்காம்பிட், கோர்விநைட், ஸ்கார்மரி எல்லாவற்றுக்கும் நெருப்பு இரண்டு மடங்கு. கடைசி இரண்டும் பறப்பவை, எர்த்குவேக் அவற்றைத் தொடவே தொடாது. இழந்தது நெருப்பு அண்டாத ஹீட்ரானை. ஹீட்ரான் இருக்கும் டீமைப் பார்த்தால் என் டீமின் கிரேட் டஸ்க்கை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எர்த்குவேக்கே மேல் என்பவர்களும் உண்டு. எனக்கு இது ஒத்துவந்தது.

பிறகுதான் கணக்குப் போடும் பழக்கம் வந்தது. அடமண்ட், ஒரு டான்ஸ், டெரா நார்மல், எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு. டிஃபென்ஸில் எதுவும் போடாத அயர்ன் வேலியன்டுக்கு 83 முதல் 98 சதவீதம் விழும். அதாவது முழு எச்.பி.யோடு வந்தால் எப்போதுமே தப்பும். தப்பி, குளோஸ் காம்பாட் அடிக்கும். டெரா நார்மல் ஆன பிறகு நமக்கு இருக்கும் ஒரே பலவீனம் ஃபைட்டிங். எப்படி வாய்த்திருக்கிறது பாருங்கள். தரையில் ஸ்டெல்த் ராக்கும் ஒரு அடுக்கு ஸ்பைக்ஸும் (தரையில் விரிக்கும் முட்கள்) இருந்தால், இறங்கும்போதே அதற்கு 18 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அப்போது நம் அடி எவ்வளவு குறைவாக விழுந்தாலும் காலி.

அதாவது டிராகனைட் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை டிராகனைட் இறங்கும் முன்பே ஜெயிக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகு டீம் தானாக அமைந்தது. ஹிசுயி சாமுராட், அதன் சீஸ்லெஸ் எட்ஜ் அடிக்கும்போதே ஸ்பைக்ஸ் விரிக்கும். கிரேட் டஸ்க் ஸ்டெல்த் ராக்குக்கு. விரித்ததை எதிராளி பெருக்கித் தள்ளாமல் இருக்கக் கோல்டெங்கோ. ரேபிட் ஸ்பின் கோஸ்ட் மேல் படாது, டீஃபாக்கை அதன் எபிலிட்டி தடுத்துவிடும். முன்னால் என்னை அழவைத்த அதே கோல்டெங்கோதான், இப்போது என் பக்கம். கிங்காம்பிட் கடைசிக்கு. ஆறாவது இடம் வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது, சொல்லும்படி எதுவும் இல்லை.

1300 வரை இந்தச் செட்டிலேயே ஏறினேன். அதற்கு மேல் எல்லோருக்கும் டிராகனைட்டைத் தெரியும். டோண்டோஸோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் அன்அவேர் எபிலிட்டி நாம் ஆடிய டான்ஸை எல்லாம் ஆடாததாகவே எடுத்துக்கொள்ளும். அங்கேதான் சாய்ஸ் பேண்ட் செட்டை எடுத்தேன். பேண்ட் தருவதும் ஒரு டான்ஸ் தருவதும் அதே ஒன்றரை மடங்கு அட்டாக். வித்தியாசம் என்னவென்றால் பேண்டுக்கு டர்ன் செலவில்லை, அது பொருள் என்பதால் அன்அவேர் அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. டிஃபென்ஸ் முழுக்க ஏற்றிய டோண்டோஸோவுக்கு டிராகன் அடியான அவுட்ரேஜ் வெறுமனே அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்குதான் எடுக்கும். பேண்டோடு அடித்தால் 43 முதல் 50 சதவீதம். இரண்டாவது அடிக்கு அது நிற்பதா ஓடுவதா என்று யோசிக்க வேண்டும்.

பேண்டுக்கு விலை உண்டு. பூட்ஸ் கிடையாது, ஒரு மூவில் மாட்டிக்கொள்வோம். ஸ்டெல்த் ராக் மேல் இறங்கிக் கால் பங்கு எச்.பி. குறைந்தால், எதிராளிக்கு அந்த நொடியே தெரிந்துவிடும், இது பூட்ஸ் இல்லை என்று. ஆகவே பேண்ட் செட்டை ராக் விழுவதற்கு முன்பே, முதல் மூன்று நான்கு டர்னுக்குள் ஒரு முறை இறக்கிவிடுகிறேன். அப்போது எதிராளி டான்ஸை எதிர்பார்த்து டோண்டோஸோவை அனுப்புவான். அவன் பயப்படுவது ஒரு டிராகனைட்டுக்கு, எதிரே நிற்பது வேறு டிராகனைட். முதல் வாரம் நான்கையும் ஒரே செட்டில் திணித்தேன். இப்போது ஒரு வேலைக்கு ஒரு செட், மற்ற வேலைகளை எதிராளியின் கற்பனை செய்கிறது. அவியல் செட்டின் பலன் முழுக்க இப்படித்தான் கிடைத்தது, அவியல் போடாமலே.

என்கோர் வைத்தும் சில நாள் ஓட்டினேன். எதிராளி ஸ்பைக்ஸோ ரெஸ்ட்டோ போட்டதும் என்கோர், மூன்று டர்னுக்கு அதையே செய்துகொண்டிருப்பான், நாம் ஆடலாம். வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் ஊகம் ஒன்று தப்பினால் டிராகனைட் போய்விடும். எனக்கு அவ்வளவு நெஞ்சுரம் இல்லை. டபுள்ஸ் பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கே இன்னர் ஃபோகஸ் எபிலிட்டிக்கும் மதிப்பு உண்டு, அட்டாக்கைக் குறைக்கும் இன்டிமிடேட்டும் ஃபேக் அவுட் தரும் தடுமாற்றமும் அண்டாது. அது தனி உலகம், இப்போது வேண்டாம்.

நடுவில் சித்தி மகனின் ஸ்விட்சில் இதே டிராகனைட்டை நிஜமாக வளர்த்தோம். சிமுலேட்டரில் நான்கு கிளிக், இங்கே இரண்டு சனிக்கிழமை. எக்ஸ்ட்ரீம் ஸ்பீடை, இன்னொரு போக்கிமானின் மூவைக் காப்பியடிக்க உதவும் மிரர் ஹெர்ப் வைத்துப் பிக்னிக்கில் வாங்க வேண்டும், ஒரு மூவ் இடத்தைக் காலியாக வைக்க மறந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நேச்சர் மாற்ற மின்ட் ஒன்று கேம் பணத்தில் 20,000. டெரா டைப் மாற்ற நார்மல் ஷார்ட் ஐம்பது. டிராகனேர் 55ஆம் லெவலில்தான் டிராகனைட் ஆகும். பழைய கோல்ட், சில்வர் கேம்களில் சாம்பியன் லான்ஸ் வைத்திருந்த டிராகனைட்டுகள் 47, 47, 50 என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. சாம்பியனுக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி.

இப்போது எலோ 1486. நேற்று அவனோடு மூன்று ஆட்டம் போட்டேன். முதல் இரண்டில் டான்ஸ் செட். மூன்றாவதில் அவன் சிரித்துக்கொண்டே டோண்டோஸோவை இறக்கினான், அவுட்ரேஜ் 47 சதவீதம் எடுத்தது. கொஞ்ச நேரம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேண்டா அண்ணா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறுக்கு டிட்டோ வளர்த்துக்கொண்டிருக்கிறான் என்று சித்தி போனில் சொன்னார், அது என்னவென்று தெரியாமலே. டிட்டோ என் டான்ஸையும் சேர்த்துக் காப்பியடிக்கும். ஆகவே அடுத்த வாரம் டான்ஸ் கிடையாது, தண்டர் வேவ் செட்டைத் தூசி தட்ட வேண்டும்.