வெள்ளி முகமூடியின் வாரிசு
மெக்சிகோ மல்யுத்தத்தில் வெள்ளி முகமூடி என்றாலே எல் சாந்தோதான். கடைசி மகன் தானும் மோத வேண்டும் என்றபோது, முதலில் பட்டப்படிப்பை முடி என்று சொல்லிவிட்டார். பையன் சும்மா இருப்பானா? எல் கொராக் என்ற வேறு பெயரில் ரகசியமாகக் களமிறங்கினான். அப்புறம் 1982இல் முகமூடி கைக்கு வந்தது. பெயர் எல் இஹோ தெல் சாந்தோ, அதாவது சாந்தோவின் மகன். 1984இல் அப்பா காலமானார்.

1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் மகனுக்கு நெக்ரோ காசாஸ் என்ற வீரருடன் பந்தய மோதல். இவர் தோற்றால் முகமூடி போகும், அவர் தோற்றால் தலைமுடி. காசாஸ் மொட்டை! 1994இல் அதே ஊரில் ஒக்தகோன் என்ற வீரருடன் ஜோடி சேர்ந்து ஆர்ட் பார், எடி குரேரோ இருவரையும் மொட்டையடிக்க வைத்தார். டபிள்யூடபிள்யூஇ பார்த்தவர்களுக்குத் தெரிந்த அதே எடிதான். அப்பா பெயரே தெரியாதவர்கள்கூட அந்தச் சண்டையைப் பார்க்கலாம், அவ்வளவு விறுவிறுப்பு.